நடுக்கடலில் இயந்திரம் நின்றால்: பைபர் படகுக்கான பிழை நீக்கும் வழிமுறை

முல்லைத்தீவுக் கரையில் எனது திருத்தகத்துக்கு வரும் வெளியிணைப்பு இயந்திரங்களில் பெரும்பாலானவை உடைந்து வருவதில்லை. மணல் தின்றோ, எரிபொருளோடு தண்ணீர் குடித்தோ, உப்புப் படிந்தோதான் வருகின்றன. கொக்கிளாய், நாயாறு, அளம்பில், சாலை என்று எந்தக் கரையிலிருந்து கொண்டுவந்தாலும் கதை இதுதான். ஒரே பிழையைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டியதில் என் கைக்குப் பழகிப்போன ஒழுங்கை, கடலில் நிற்பவர் தாமே பார்த்துக்கொள்ளும் வகையில் இங்கே எழுதுகிறேன். இது பெற்றோலில் எடுத்து (கிளப்பி) மண்ணெண்ணெயில் ஓட்டும் 8 முதல் 40 குதிரைவலு வரையான இருவீச்சு இயந்திரங்களுக்கானது. நால்வீச்சு இயந்திரங்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பாய்மரப் படகொன்றில் வேலையாளாகச் சேர்ந்து காலியிலிருந்து மாலைதீவு வழியாகச் சீசெல்ஸ் வரை போனேன். காற்று நன்றாக இருந்த நாள்களில் 120 கடல்மைல் ஓடினோம். காற்று விழுந்த நாளில் உள்ளிருந்த டீசல் இயந்திரமும் நின்றது. படகுக்காரர் முதலில் பாயை நிமிர்ந்து பார்த்தார், பிறகு தேநீர் போட்டுக் குடித்தார், அதன் பின்னரே இயந்திர அறையின் மூடியைத் திறந்தார். பாய் இருக்கிறவரை அவருக்கு இயந்திரம் ஒரு வசதி மட்டுமே. நமது பைபர் படகுகளில் பாய் இல்லை. ஆகவே அவர் பாயைப் பார்த்த இடத்தில் நாம் நங்கூரத்தைப் பார்க்கவேண்டும்.

எதையும் திறப்பதற்கு முன்

இயந்திரம் நின்றவுடன் கயிற்றை இழுக்காமல் நங்கூரத்தைப் போடுங்கள். சோழகமும் கச்சானும் நமது கரையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்றுகள். மூடியைக் கழற்றிப் பூட்டும் அரை மணித்தியாலத்துக்குள் கரை கண்ணுக்கு மறைந்துவிடும். வாடைக் காலத்தில் (வடகிழக்குப் பருவத்தில்) காற்று கரைப்பக்கம் தள்ளும், ஆனால் அப்போது அலை உடையும் இடத்துக்குள் படகு புகுந்துவிடும் என்பதால் அதுவும் நல்லதன்று. நங்கூரக் கயிறு ஆழத்தின் 3 மடங்காவது இருந்தால்தான் பிடிக்கும். 5 மடங்கு இருந்தால் நம்பி வேலை செய்யலாம். நிலம் எட்டாத ஆழமானால், ஒரு வாளியையோ வலைக் குவியலையோ அணியத்தில் (படகின் முன்புறத்தில்) கட்டி இறக்கினால் படகு காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும், நகரும் வேகமும் குறையும். தொலைபேசியில் கோபுரம் கிடைக்கும்போதே கரைக்கு ஒருமுறை அழைத்து, ஜிபிஎஸ் காட்டும் இடத்தைச் சொல்லிவிடுங்கள்; வீஎச்எஃப் வானொலிக் கருவி இருந்தால் அலைவரிசை 16. பிழை பத்து நிமிடத்தில் தீர்ந்தால் இன்னொரு அழைப்பில் சொல்லிவிடலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

அறிகுறி ஒன்று: கயிற்றை இழுத்தும் இயந்திரம் எடுக்கவில்லை

ஐந்து முறை இழுத்தும் எடுக்காவிட்டால் ஆறாவது முறை இழுக்காதீர்கள். அதற்குமேல் இழுப்பது சிலிண்டருக்குள் எரிபொருளை நிரப்பி, பொறி தரும் புளக்கை நனைப்பதற்கும் தோள்மூட்டைக் கெடுப்பதற்கும்தான் உதவும்.

கைச்செலவில்லாமல் பார்க்கவேண்டியவை மூன்று. ஓட்டுபவர் விழுந்தால் இயந்திரம் தானே நிற்பதற்காகக் கையில் மாட்டும் சிவப்புச் சுருள் கயிற்றின் கொளுக்கி தனது இடத்தில் ஒழுங்காக இருக்கிறதா, கியர் நடுவில் நிற்கிறதா, எரிபொருட் திருப்பி பெற்றோல் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அளம்பில் பக்கத்துத் தம்பி ஒருவர் இயந்திரத்தை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, "அண்ணை, நேற்றுப் பின்னேரத்திலிருந்து இழுக்கிறன், உள்ளுக்கு ஏதோ எரிஞ்சுபோச்சுப் போல" என்றார். அந்தச் சிவப்புக் கொளுக்கி அவரது வாடிக் கப்பில், அதாவது கரைக் கொட்டிலின் தூணில், தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றும் சரியென்றால், எரிபொருட் குழாயின் நடுவிலுள்ள றப்பர்க் குமிழை, அதன் அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து அமுக்குங்கள். பாதிப் பதிலை அந்தக் குமிழே சொல்லிவிடும்.

குமிழ் இறுகாமல் மெத்தென்றே இருந்தால்: எரிபொருள் ஏறவில்லை, அல்லது எங்கோ காற்றை இழுக்கிறது. கொள்கலனில் எரிபொருள் இருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். பிறகு இரண்டு முனைகளிலும் உள்ள இணைப்புகளைக் கழற்றி, உள்ளிருக்கும் சிறு றப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி பூட்டுங்கள். குழாய் வெயிலில் காய்ந்து இணைப்போடு சேரும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும். அந்த ஒரு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பூட்டிக் கம்பியால் முறுக்கினால் கரை சேரலாம். இவையெல்லாம் சரியாக இருந்தும் குமிழ் இறுகாவிட்டால் அதனுள் இருக்கும் வால்வு போய்விட்டது. குமிழோடு குழாயை மாற்றவேண்டும்.

குமிழ் சப்பையாகி, விட்டாலும் எழும்பாமல் இருந்தால்: அடைப்பு கொள்கலன் பக்கம் இருக்கிறது. மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறந்து பாருங்கள். அது திறந்தே இருந்தால், கொள்கலனுக்குள் இறங்கும் குழாயின் முனையிலுள்ள வலைவடி அடைத்திருக்கும்.

குமிழ் கல்லுப்போல் இறுகி நின்றால்: எரிபொருள் இயந்திரம் வரைக்கும் வந்துவிட்டது. இனிப் பார்க்கவேண்டியது எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரும் புளக்கும். நேற்று மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டுப் போயிருந்தால், காபரேட்டர்க் கிண்ணத்தில் மண்ணெண்ணெய்தான் நிற்கிறது. குளிர்ந்த இயந்திரம் அதில் எடுக்காது. கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு போத்தலுக்குள் வடித்துவிட்டு, பெற்றோலை ஏற்றி மறுபடி இழுங்கள். கரைக்கு வருவதற்குச் சில நிமிடங்கள் முன்னரே பெற்றோலுக்குத் திருப்பிவிட்டு வருகிறவர்கள் இந்த வேலைக்காக என்னிடம் வருவதே இல்லை.

அதன் பிறகு புளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக இருந்தால் துடைத்துக் காயவைத்து, புளக் இல்லாமலே நான்கைந்து முறை இழுத்து உள்ளிருப்பதை வெளியேற்றுங்கள்; பிறகு காற்றை மறைக்கும் சோக்கைப் போடாமல், பிடியை நன்றாக முறுக்கி வைத்து இழுத்தால் எடுத்துவிடும். காய்ந்திருந்தால் எரிபொருள் சிலிண்டருக்குள் போகவில்லை. காபரேட்டர் ஊசி ஒட்டியிருக்கும். கிண்ணத்தின் பக்கத்தில் திருப்புளியின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டினால் சிலவேளைகளில் விடும், இல்லையேல் கரையில் கழற்றித் துப்புரவாக்கவேண்டும்.

பொறி இருக்கிறதா என்று பார்க்க, புளக்கை அதன் மூடியில் பூட்டி, அதன் உலோக உடலை இயந்திரத்தின் வெறும் உலோகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுக்கவேண்டும். புளக் இருந்த துளைக்குப் பக்கத்தில் வைத்து இதைச் செய்யக்கூடாது; துளையிலிருந்து பீறும் ஆவி தீப்பிடிக்கும். நீலப் பொறி நல்லது. பொறியே இல்லையென்றால் முதலில் புதிய புளக், அடுத்ததாக நிறுத்து பொத்தானிலிருந்து வரும் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது. நமது கரையில் இந்தப் பொத்தானுக்குள் உப்புப் பூத்து உள்ளேயே தொடுப்பாகிவிடுவது சாதாரணம். கம்பியைக் கழற்றியவுடன் பொறி வந்தால் அப்படியே ஓட்டிக் கரைக்கு வரலாம், ஆனால் பொத்தானும் சிவப்புக் கயிறும் இனி வேலை செய்யாது. எரிபொருட் குழாயைக் கழற்றியோ சோக்கை இழுத்தோதான் நிறுத்தவேண்டும் என்பதைப் படகிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

கம்பியைக் கழற்றியும் பொறி வராவிட்டால் மெக்கானிக்கை அழைக்கும் இடம் இதுதான். பொறிக்கு மின்சாரம் தரும் சீடீஐ பெட்டியும், இயந்திரத்தின் தலையில் சுழலும் சக்கரமான பிளைவீலுக்குக் கீழுள்ள சுருள்களும் விலை கூடியவை. மீற்றர் வைத்து அளக்காமல், ஊகத்தில் ஒவ்வொன்றாக வாங்கி மாற்றிப் பார்ப்பவர் கடைசியில் புது இயந்திரத்தின் பாதிக் காசைச் செலவழித்திருப்பார்.

அறிகுறி இரண்டு: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது

எப்படி நின்றது என்பதை நினைவுபடுத்துங்கள். என்னிடம் வருபவரிடம் நான் கேட்கும் முதற் கேள்வி அதுதான்.

இருமி இருமி, வேகம் இறங்கி நின்றிருந்தால்: எரிபொருள். காற்றுத் திருகும் குமிழும் மேலே சொன்னபடி. இயந்திரம் தளரும்போது ஒருவர் குமிழை அமுக்கிக்கொண்டே இருக்க, இயந்திரம் உயிர்பிடித்து ஓடினால், எரிபொருட் பம்பின் மென்தகடு கிழிந்திருக்கிறது என்று பொருள். அமுக்கி அமுக்கியே கரைக்கு வந்துவிடலாம். தகடு மலிவு, மாற்றுவதும் எளிது.

அடுத்தது தண்ணீர். இதைத்தான் நான் அதிகம் காண்கிறேன். காபரேட்டர்க் கிண்ணத்திலிருந்து வடிப்பதை உள்ளே தெரியும் ஒரு வெள்ளைச் சோடாப் போத்தலில் பிடித்து, ஐந்து நிமிடம் அசையாமல் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியே உருண்டு நிற்கும். போத்தலைச் சரித்தால் அந்த உருண்டை ஒரு மணியைப்போல அடியோடு ஊர்ந்து போகும். எரிபொருள் மங்கலாகப் பால் கலந்ததுபோல் இருந்தாலும் அதே குற்றம்தான். கிண்ணத்தை இரண்டு மூன்று முறை வடித்தால் இயந்திரம் எடுக்கும், ஆனால் கொள்கலனின் அடியில் இருக்கும் தண்ணீர் மறுபடி வரும். ஆதலால் கொள்கலனைச் சரித்து வைத்து, உறிஞ்சும் குழாயின் முனை அடியைத் தொடாதபடி உயர்த்திக்கொண்டு ஓட்டுங்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, எங்கெங்கோ கான்களில் சேமித்து வைத்திருந்ததையெல்லாம் வாங்கி ஓடினார்கள். அந்த மாதங்களில் நான் வடித்த போத்தல்களை அடுக்கி வைத்திருந்தால் ஒரு கடை போட்டிருக்கலாம். பாய்மரப் படகில் ஒவ்வொரு கானையும் வடிதுணி வைத்த புனலால்தான் ஊற்றினோம்; அந்தப் பழக்கத்தை மட்டும் நான் கையோடு கொண்டுவந்தேன்.

விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று நின்றிருந்தால்: மின்பக்கம். சிவப்புக் கொளுக்கி வலையில் மாட்டி இழுபட்டிருக்கும், அல்லது புளக் மூடி கழன்றிருக்கும். இரண்டும் இல்லையென்றால் மேலே சொன்ன பொறிச் சோதனை.

கிறீச்சென்று இறுகி நின்றிருந்தால்: கயிற்றை இழுக்கவேண்டாம். அரை மணித்தியாலம் ஆறவிட்டு, பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் பிஸ்டன் பிடித்துவிட்டது. சுற்றினாலும், பழையபடி இறுக்கமில்லாமல் வெறுமனே சுழன்றால் பிஸ்டன் றிங் போய்விட்டது. இரண்டுமே இழுத்துக்கொண்டு வரவேண்டியவை, கடலில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒயில் கலக்காமல் ஊற்றியிருந்தால் அதை மெக்கானிக்கிடம் மறைக்காதீர்கள். சிலிண்டரைத் திறந்தவுடன் அவருக்குத் தெரிந்துவிடும்.

அறிகுறி மூன்று: பின்பக்கத் துளையால் தண்ணீர் அடிக்கவில்லை

இயந்திரத்தைக் குளிர்வித்த கடல்நீர் வெளியே பீறும் துளை இது. இதற்கு மட்டும் பொறுமை கூடாது. தண்ணீர் அடிப்பது நின்றதைக் கண்டவுடன் இயந்திரத்தை நிறுத்துங்கள். "கரை கிட்டத்தான், போய்ச் சேர்ந்துவிடுவேன்" என்று ஓட்டி வந்தவர்களின் பிஸ்டன்கள் இரண்டு எனது மேசையில் கிடக்கின்றன. ஒன்றை நான் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். சூடேறிய இயந்திரத்தில் கடல்நீரை அள்ளி ஊற்றவும் கூடாது, வார்ப்பு வெடிக்கும்.

முதற்சோதனை, அந்தத் துளையையே மெல்லிய கம்பியால் குத்திப் பார்ப்பது. வலைத் தைக்கும் நைலோன் நூலை இரட்டையாக முறுக்கினாலும் போதும். உப்புக்கட்டியோ மணலோ விழுந்து, தண்ணீர் பீறினால் பிழை அவ்வளவுதான். இயந்திரம் உள்ளே குளிர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இரண்டாவது, இயந்திரத்தைத் தூக்கிக் கீழ்க்காலின் இரு பக்கங்களிலும் உள்ள உறிஞ்சு துளைகளைப் பாருங்கள். பொலித்தீன் பையும் பாசியும் அங்கேதான் ஒட்டும். நந்திக்கடல் பக்கம் வட்டுவாகலில் ஓடுபவர்களுக்குப் பாசி, கடற்பக்கம் ஓடுபவர்களுக்குப் பொலித்தீன்.

மூன்றாவது, அந்தத் தண்ணீரை ஏற்றும் பம்பின் றப்பர் விசிறி. இது நமது கரையின் தனி நோய் என்றே சொல்லுவேன். முல்லைத்தீவில் படகுகளைத் துறைமேடையில் கட்டுவதில்லை, மணலில் ஏற்றுகிறோம். அலையோடு சேர்ந்து கரையேறும்போது கடைசி நொடிவரை இயந்திரத்தை ஓட்டுவதால், முழங்கால் தண்ணீரில் கலங்கி நிற்கும் மணலையெல்லாம் அந்த விசிறி உறிஞ்சி விழுங்குகிறது. றப்பர் இதழ்களின் நுனி தேய்கிறது. சுற்றியிருக்கும் எஃகுக் கிண்ணத்தில் வட்டவட்டமாகக் கோடு விழுகிறது. பிறகு மணலில் ஏற்றி வைத்து, "எடுக்கிறதா பார்ப்போம்" என்று தண்ணீரில்லாமல் ஒரு இழுப்பு இழுத்து ஓடவிடுகிறார்கள். காய்ந்து சுழலும் றப்பர் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும்.

விசிறியை மாற்றுவது கைப்பழக்கம் உள்ள எவரும் கரையில் செய்யக்கூடிய வேலை. கியர்க் கம்பியின் இணைப்பைக் கழற்றி, கீழ்க்காலைப் பிடித்திருக்கும் ஆணிகளை எடுத்தால் கால் முழுதாகக் கீழே இறங்கும். அதன் தலையில்தான் பம்ப் இருக்கிறது. பழைய விசிறியைக் கழற்றும்போது இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒரு இதழ் குறைந்தால், அது மேலே தண்ணீர்ப் பாதைக்குள் போயிருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் புதிய விசிறி போட்டுப் பயனில்லை. தண்டிலுள்ள சிறு பிறைவடிவச் சாவி மணலில் விழுந்தால் திரும்பக் கிடைக்காது, ஆகவே கீழே ஒரு சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். புதிய விசிறிக்கு நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் தடவி, தண்டைச் சுற்றியபடியே கிண்ணத்தை இறக்கவேண்டும். கோடு விழுந்த கிண்ணத்தையும் மாற்றுங்கள். பழைய கிண்ணத்துக்குள் புதிய விசிறி மூன்று மாதம் தாங்காது.

விசிறி புதிதாக இருந்தும் தண்ணீர் மெலிதாக வந்தால், மேலே சிலிண்டரைச் சுற்றியுள்ள வழிகளில் உப்பு இறுகியிருக்கிறது, அல்லது வெப்பவால்வு திறக்கவில்லை. இதை மெக்கானிக்கிடம் விடுங்கள். சிலிண்டர் மூடியைப் பிடிக்கும் ஆணிகள் உப்பில் ஊறி இருக்கும். அவசரப்பட்டுத் திருகினால் தலை முறிந்து, சின்னச் செலவு பெரிய செலவாகும். ஒவ்வொரு நாளும் தொழில் முடிந்ததும் கால்முழுதும் மூழ்கும் பரலில் நல்ல தண்ணீர் நிரப்பி, 10 நிமிடம் ஓடவிட்டால் இந்த உப்பு சேராது. நல்ல தண்ணீர் வாடியில் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். கிழமைக்கு ஒருமுறையாவது செய்யுங்கள்.

அறிகுறி நான்கு: இயந்திரம் உறுமுகிறது, படகு நகரவில்லை

இயந்திரத்தை நிறுத்தி, தூக்கி, புரொப்பலரைக் கையால் சுற்றிப் பாருங்கள். கியர் போட்டிருக்கும்போதும் அது தாராளமாகச் சுழன்றால், சிறிய இயந்திரங்களில் புரொப்பலரைத் தண்டோடு பிணைக்கும் குறுக்கு ஊசி முறிந்திருக்கும். அதை மாற்ற ஒரு குறடு போதும். மாற்று ஊசி இல்லாமல் ஆணியை வெட்டிப் போட்டு வருபவர்கள் மெதுவாக வரவேண்டும், ஏனென்றால் ஊசி முறிவது கியரைக் காப்பாற்றத்தான்; ஆணி முறியாது, கியர்தான் முறியும்.

பெரிய இயந்திரங்களில் ஊசிக்குப் பதிலாகப் புரொப்பலரின் நடுவில் றப்பர் இருக்கிறது. அது வழுக்குகிறதா என்று அறிய, நடுக்குழலிலிருந்து புரொப்பலர் உடல்வரை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் றப்பர் போய்விட்டது. மெல்லப் பிடியை முறுக்கினால் அதுவும் கரைவரை தாங்கும்.

தங்கூசி (நைலோன்) நூலோ வலையோ சுற்றியிருந்தால், வெட்டி எடுத்தவுடன் ஓடும். ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை. புரொப்பலருக்குப் பின்னால் தண்டில் சுற்றிய நூல், அங்குள்ள ஒயில் வளையத்தை அறுத்துவிடும். கரைக்கு வந்ததும் கியர்ப்பெட்டியின் அடித்திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ, ஒயில் பால்தேநீர் நிறத்தில் வந்தாலோ வளையம் போய்விட்டது. ஒயிலை மட்டும் மாற்றிவிட்டுத் தொடர்ந்து ஓடாதீர்கள். வளையம் மாற்றுவது மெக்கானிக்கின் வேலை, அதைத் தள்ளிப்போட்டால் கியர்த் தொகுதி முழுவதையும் மாற்றவேண்டி வரும். புதிய ஒயிலை அடித் துளையால்தான் ஏற்றவேண்டும், மேல் துளையால் வழியும்வரை.

அறிகுறி ஐந்து: புகை அதிகம், இழுவை குறைவு

பெரும்பாலும் ஒயில் கூடிப்போயிருக்கும். 50க்கு 1 என்று கைநூல் சொன்னால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர்தான். "கூட ஊற்றினால் நல்லது" என்பது சமையலறைக் கணக்கு. இரண்டு சிலிண்டர் இயந்திரத்தில் ஒன்று மட்டும் வேலை செய்தாலும் இப்படியே இருக்கும்: இரண்டு புளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நனைந்து கறுத்திருப்பது வேலை செய்யாத சிலிண்டருடையது. புதுப் புளக் போட்டும் மாறாவிட்டால் கொண்டுவாருங்கள்.

அறிகுறி ஆறு: இயந்திரமே கடலுக்குள் போய்விட்டது

வாடைக் காலத்தில் அலை உடையும் இடத்தில் படகு புரண்டு இது நடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியிருந்தால் கயிற்றைத் தொடவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து உள்தண்டு வளைந்திருக்கக்கூடும். நின்ற நிலையில் மூழ்கியிருந்தால், புளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி படுக்கவைத்து, பிளைவீலைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவி, சிலிண்டருக்குள் இருவீச்சு ஒயில் ஊற்றிச் சுற்றி, காபரேட்டரை வடித்து, அன்றைக்கே ஓடவிடவேண்டும். கடலில் இருந்த நேரத்தைவிட, வெளியே எடுத்த பின்னர் காற்றுப் பட்டுக் கிடக்கும் நேரம்தான் இயந்திரத்தை அரிக்கிறது.

அன்றைக்கே பார்க்க ஆள் கிடைக்காவிட்டால், பரலில் நல்ல தண்ணீர் நிரப்பி இயந்திரத்தை முழுதாக அதற்குள் அமிழ்த்தி வையுங்கள். தண்ணீரில் நனைந்ததை மறுபடி தண்ணீருக்குள் போடுவதா என்று எல்லோரும் என்னைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். சென்ற வாடையில் செம்மலைப் பக்கத்திலிருந்து ஒரே நாளில் கவிழ்ந்த இரண்டு படகுகளின் இயந்திரங்கள் வந்தன. ஒன்றைத் துடைத்து, துணி சுற்றி, மூன்று நாள் நிழலில் வைத்திருந்தார்கள். மற்றதைக் கிணற்றடித் தொட்டிக்குள் போட்டிருந்தார்கள். தொட்டியில் கிடந்தது அன்று பின்னேரமே எடுத்து ஓடியது. துணி சுற்றி வைத்ததன் தாங்கிகளை நான் இன்னும் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.